டி டிரைவ் இல்லாத கணினி

இன்றைக்கும் யாராவது 'டி டிரைவ்' என்று சொன்னால் எனக்கு உடம்பு சூடாகிவிடுகிறது. சொல்கிறவர்கள் பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். ஆனால் அந்த இரண்டு சொற்களை வைத்து என் வீட்டிலேயே என்னைக் குற்றவாளியாக நிறுத்தினார்கள். செத்துப்போன மனிதரை இரண்டாம் முறை சாகடித்தவள் என்று என் மாமியார் வாய்விட்டே சொன்னார்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். தர்மபுரியில் ஒரு கல்லூரி. விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. பாடம் என்றால், பேராசிரியர் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பழைய தாள்களைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். ஒருநாள் கரும்பலகையில் தலைகீழாக ஒரு மரம் வரைந்தார். உச்சியில் ஒரு சாய்கோடு. அதன் பெயர் ரூட். அதாவது வேர். அதிலிருந்து கிளை கிளையாக ஃபோல்டர்கள் இறங்கின. "ஈடிசி, அமைப்புக் கோப்புகள். விஏஆர், மாறும் கோப்புகள். எம்என்டி, தற்காலிகமாக இணைக்கும் இடம்" என்று வாசித்துக்கொண்டே போனார்.

"எதை சார் இணைக்கறது?" என்று என் பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

"எக்ஸாமுக்கு இது போதும்மா. எழுது" என்றார் அவர்.

லினக்ஸ் போட்ட கணினிகள் ஆய்வகத்தில் இருக்கத்தான் இருந்தன. வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் அந்த அறையைத் திறப்பார்கள், அவர்கள் போனதும் பூட்டிவிடுவார்கள். அந்த மரத்தை நான் தேர்வில் ஸ்கேல் வைத்து வரைந்து முழு மதிப்பெண் வாங்கினேன். கண்ணால் ஒருமுறையும் பார்த்ததில்லை. அந்தப் பேராசிரியரை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. மூன்று வருடம் எங்களை உட்காரவைத்து எழுதவைத்தாரே, ஒரே ஒரு நாள் அந்தப் பூட்டைத் திறந்திருந்தால் என்ன?

படிப்பு முடிந்த கையோடு கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமை மாலை வந்து திங்கள் விடியற்காலை பஸ் ஏறுவார். வீட்டில் மாமனார், மாமியார், நான், பள்ளிக்கூடம் போகும் என் மகள். கணவரின் தம்பி பெங்களூரில் ஒரு கம்பெனியில் போனில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் வேலையில் இருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் 'கம்ப்யூட்டர் ஆளு' என்றால் அவர்தான். டிவியில் படம் வரவில்லை என்றாலும் அவருக்குத்தான் போன் போகும். கம்ப்யூட்டரையே படித்த ஒருத்தி அடுப்படியில் நிற்கிறாள் என்பது யாருக்கும் தோன்றாது. தோன்றவைக்க நானும் சிலமுறை முயன்றேன். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்று மாமியார் சொல்வார். திட்டாமல், நல்ல விதமாகத்தான் சொல்வார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

மாமனார் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். அதற்குச் சில மாதங்கள் கழித்து என் கல்லூரித் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். அவள் வேலை செய்யும் கம்பெனியில், வீட்டிலிருந்தபடியே சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்களாம்.

"லினக்ஸ் தெரியணும். நாம எழுதுன மாதிரி இல்ல, கையில தெரியணும்" என்றாள்.

கையில் தெரிய ஒரு கணினி வேண்டுமே. கொழுந்தனாரின் பழைய லேப்டாப் ஒன்று சிலாப்பின் மேல் கோணிப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"தம்பி, அந்தப் பழைய லேப்டாப்பை நான் எடுத்துக்கட்டுங்களா? அதுல லினக்ஸ் போட்டுப் படிக்கலாம்னு இருக்கேன்."

"எடுத்துக்கோங்க அண்ணி. அது வெறும் குப்பை. ஆன் ஆகறதுக்கே அரை நாள் ஆகும்."

"உள்ள உங்களுக்கு வேண்டியது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் அழிச்சுக்கோங்க."

என் கணவர் அப்போது ரசம் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினார். ஊற்றினேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அவர் காதிலும் அது விழுந்தது என்பதற்காகத்தான்.

தோழி போனில் சொல்லச் சொல்ல லினக்ஸ் ஏற்றினேன். அந்த லேப்டாப்பின் வட்டு இரண்டு பாகமாகப் பிரிந்திருந்தது. "விண்டோஸ் இருக்கற பாகத்த மட்டும் அழி. இன்னொண்ணைத் தொடாத, எதுக்கும் இருக்கட்டும்" என்றாள் அவள். அப்படியே செய்தேன். சர்வர்களில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று, படமும் மவுஸும் இல்லாத வகையைத்தான் போட்டோம். கறுப்புத் திரை, ஓரத்தில் துடிக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான்.

மகள் பள்ளிக்கும் மாமியார் காட்டு வேலைக்கும் போன பிறகு அதன் முன்னால் உட்காருவேன். 'எல்எஸ்' என்று அடித்து ஒரு சாய்கோடு போட்டால் அந்தப் பெயர்கள் வரிசையாக வந்தன. பின், பூட், டெவ், ஈடிசி, ஹோம், எம்என்டி, டெம்ப், யுஎஸ்ஆர், விஏஆர். நான் ஸ்கேல் வைத்து வரைந்த அதே பெயர்கள். முதல் நாள் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இவ்வளவுதானா? இதைக் காட்டவா அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள்?

ஒவ்வொரு கிளையாக உள்ளே போய்ப் பார்த்தேன். ஈடிசிக்குள் இருந்தவை எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். கணினியின் பெயர்கூட அங்கே ஒரு கோப்பில் ஒற்றை வரியாக இருந்தது. அதை மாற்றினால் அடுத்த முறை ஆன் ஆகும்போது புதுப் பெயரோடு எழுந்தது. விஏஆருக்குள் லாக், அதாவது பதிவேடு, என்று ஒரு ஃபோல்டர். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டு அங்கே போய்ப் பார்த்தால், இன்ன நேரத்தில் இன்னார் தப்பாக அடித்தார் என்று என் தப்பு அப்படியே பதிவாகியிருந்தது. 'மாறும் கோப்புகள்' என்றால் இதுதானா என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நான் அடிக்கும் 'எல்எஸ்' என்ற கட்டளையே ஒரு கோப்பு, அதுவும் ஒரு ஃபோல்டருக்குள்தான் குடியிருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்தேன். டெம்ப் என்றால் தற்காலிகம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள், பயிற்சிக்காக எழுதியதையெல்லாம் அதற்குள்ளேயே சேமித்து வைத்தேன். அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒருநாள் கரண்டு போய்த் திரும்பி வந்தபோது டெம்ப் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு வாரத்து வேலை. லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று இருந்தது. போடவில்லை. மறுபடியும் எழுதினேன், இந்த முறை ஹோமுக்குள் என் பெயரில் இருந்த ஃபோல்டரில்.

இப்படியிருக்கும்போது மாமனாரின் முதல் வருடத் திதி வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், அவர் பேசும் வீடியோ ஒன்று இருக்கிறது, அதை டிவியில் போட்டுக் காட்டலாம் என்று கொழுந்தனார் பெங்களூரிலிருந்தே சொல்லிவிட்டார். மாமியார் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஒரு வருடமாகக் கேட்காத குரல் அல்லவா.

திதிக்கு முந்தைய வாரம் கொழுந்தனார் வந்தார். வந்ததும் லேப்டாப்பைத்தான் கேட்டார். திறந்தார். கறுப்புத் திரை.

"டி டிரைவ் எங்க?"

"லினக்ஸ்ல சி டிரைவ், டி டிரைவ்னு கிடையாதுங்க தம்பி" என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் வார்த்தை அதுவல்ல.

"கிடையாதுன்னா? எங்கப்பா வீடியோ டி டிரைவ்லதானே இருந்துச்சு! அதை எடுத்த போனையும் வித்துட்டேன். வேற எங்கயும் இல்ல." அவர் முகம் வெளிறிப்போனது. "எல்லாத்தையும் அழிச்சுட்டீங்களா?"

"நீங்கதானே தம்பி அழிச்சுக்கச் சொன்னீங்க? அப்பவும் நான் அந்தப் பாகத்தைத் தொடலீங்க."

"நான் எப்ப சொன்னேன்? அப்பா வீடியோவ அழிக்கச் சொல்லுவனா?"

பச்சைப் பொய். அல்லது நிஜமாகவே மறந்திருக்கலாம். இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இரண்டில் எதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாமியார் ஓடி வந்தார். "என்னடா, என்னடா ஆச்சு?" என்றவரிடம் அவர் ஒரே வரியில் சொன்னார்: "அண்ணி எல்லாத்தையும் அழிச்சுட்டாங்கம்மா."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏம் புள்ள, அவுரு செத்தது பத்தாதுன்னு மறுபடியும் சாவடிச்சுட்டியே! உனக்கு எதுக்கு கம்ப்யூட்டரு? சோறாக்கறத உட்டுட்டு உனக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு?" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

கணவரைப் போனில் கூப்பிட்டேன். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை அவரு சொன்னத நீங்க கேட்டீங்கதானே? நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன். அவர், "நீயும் ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்ல" என்றார். போனை வைத்துவிட்டேன். தம்பியின் மேல் வந்த கோபமெல்லாம் அந்த நிமிடம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அதைவிடப் பெரிதாக ஒன்று வந்திருந்தது.

அழிக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் ஒரு வீடே சேர்ந்து சொல்லும்போது நம் நினைவின் மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஒருவேளை அந்த இன்னொரு பாகத்தையும் அழுத்திவிட்டேனோ? இருக்கிறது என்றால் எங்கே இருக்கிறது? எல்லாக் கிளைக்குள்ளும் போயிருக்கிறேனே, கண்ணில் படவில்லையே?

மறுநாள் காலை நான் மாவரைத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குக் கிளம்பிவிட்டார். மதியம் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னார். "முதல்ல விண்டோஸ் போட்டாத்தான் டிரைவ் தெரியுமாம். இன்னைக்குப் போட்டுடறேன்னாரு."

"வட்டு முழுசையும் அழிச்சுட்டுப் போட்டா இருக்கறதும் போயிருமே தம்பி! வேண்டாம்னு சொல்லுங்க!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணி. செஞ்சது போதும்."

அடுப்பை அணைத்தேன். சேலையைக்கூட மாற்றவில்லை. "எங்க போற?" என்று மாமியார் கத்தியது தெருமுனை வரை கேட்டது. தர்மபுரி பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களையெல்லாம் திட்டத் தோன்றியது.

கடையில் ஆதார் நகல் எடுக்க ஒரு கூட்டம் நின்றது. மேசைமேல் எங்கள் லேப்டாப் திறந்திருந்தது. கடைக்காரர் அதில் ஒரு பென்டிரைவைச் செருகிக்கொண்டிருந்தார்.

"அதைத் தொடாதீங்க!" என்று கத்தினேன். கூட்டம் விலகி வழி விட்டது.

"யாருங்க நீங்க?"

"இதைக் கொடுத்த வூட்டு மருமக. அதை எடுங்க. பென்டிரைவை வெளிய எடுங்க."

"கொடுத்தவரு வேற ஆளுங்களே. அவரு சொல்லாம நான் எப்படிங்க..."

"நீங்க வட்டு முழுசையும் ஃபார்மேட் பண்ணித்தானே விண்டோஸ் போடப் போறீங்க?"

"ஆமாங்க. டி டிரைவே காணோம்னாரு. முழுசும் லினக்ஸ்தானேன்னு நினைச்சேன்."

"நினைச்சுக்கிட்டு அழிச்சுருவீங்களா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பென்டிரைவை உருவி வைத்தார். ஒரு பிளக் பாயிண்டும் ஸ்டூலும் கேட்டேன். கொடுத்தார். தோழிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சரி என்று தனியாகவே உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் உண்மையில் லினக்ஸ் கற்றுக்கொண்டது. அழிந்துபோயிருந்தால் அழிந்துபோனதாகவாவது தெரியட்டும் என்று யோசித்தேன். வட்டு என்பது ஒரு சாதனம். சாதனங்கள் எல்லாம் டெவ் என்ற கிளையில் கோப்புகளாக நிற்கும் என்று எழுதியிருக்கிறேன். அங்கே போய்ப் பார்த்தேன். எஸ்டிஏ என்று வட்டு இருந்தது, அதன் பாகங்கள் ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண் போட்டு நின்றன. இரண்டு என்பது ஐந்தைச் சுற்றிய வெறும் உறைதான். எல்லாவற்றையும் அட்டவணையாகக் காட்டும் ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தேன். என் லினக்ஸ் இருந்த பாகத்துக்கு நேராக 'இது எங்கே இணைந்திருக்கிறது' என்ற கட்டத்தில் ஒரு சாய்கோடு இருந்தது. வேர். ஐந்தாம் பாகம் அதைவிட இரண்டு மடங்கு பெரியது. அதற்கு நேரான கட்டத்தில் ஒன்றுமில்லை. காலி.

அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. விண்டோஸில் ஒவ்வொரு பாகமும் ஆளுக்கொரு எழுத்தை வைத்துக்கொண்டு தனித்தனியாக நிற்கும். லினக்ஸில் ஒரே மரம்தான். எந்த வட்டாக இருந்தாலும் அந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் கொண்டுபோய் மாட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். டி டிரைவ் அழியவில்லை. அதை யாரும் எங்கேயும் மாட்டவில்லை, அவ்வளவுதான். எங்கே மாட்டுவது? 'தற்காலிகமாக இணைக்கும் இடம்.' எதை சார் இணைக்கறது என்று கேட்டாளே அவள், அவளுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் நான் முந்தைய நாளே, வீட்டிலேயே, எல்லோர் முன்னாலும் இதைச் செய்து காட்டியிருப்பேன். எழுதிய வார்த்தை எல்லாம் என்னிடம் இருந்தது. அர்த்தம் மட்டும் இல்லை.

ஐந்தாம் பாகத்தை எம்என்டியில் மாட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். மறுத்தது. விண்டோஸ் சரியாக மூடப்படவில்லை என்று பிழைச் செய்தி. கொழுந்தனார் கடைசியாக எப்படி அணைத்தாரோ. படிக்க மட்டும், எழுத அனுமதி வேண்டாம் என்று சேர்த்து மறுபடியும் அடித்தேன். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்து நின்றது. எம்என்டிக்குள் பார்த்தேன். நியூ ஃபோல்டர். நியூ ஃபோல்டர் இரண்டு. நியூ ஃபோல்டர் ஏழு. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆள் தன் அப்பாவை வைத்திருந்த இடத்துக்குப் பெயர் 'நியூ ஃபோல்டர் ஏழு'.

கடைக்காரரின் பென்டிரைவை வாங்கி, அதையும் மரத்தில் இன்னொரு கிளையில் மாட்டி, வீடியோவை நகல் எடுத்தேன். அவர் தன் கணினியில் போட்டுப் பார்த்தார். கட்டுத்தறிப் பக்கம் மாமனார் நின்றுகொண்டு, "என்னத்தடா எடுக்கற, கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடுது பாரு, வந்து புடிடா" என்று சிரித்துக்கொண்டே சத்தம் போடுகிறார். ஒரு வருடம் கழித்து அந்தக் குரலை முதலில் கேட்டது நானும், முன்பின் தெரியாத கடைக்காரரும், ஆதார் நகலுக்கு நின்றவர்களும்தான். வீடியோவின் ஓரத்தில் நான் தீவனக் கூடையோடு குறுக்கே போகிறேன். கேமரா என்னை விட்டு நகர்ந்துவிடுகிறது.

"உங்க மாமனாருங்களா?" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன்.

திதி அன்று டிவியில் போட்டோம். கூடம் நிறைய ஆட்கள். மாமியார் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எல்லோருக்கும் கண்ணீர். எனக்கும்தான். பிறகு அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்துச் சொன்னார்: "எஞ் சின்னவன் எவ்வளவு பத்திரமா வெச்சிருந்திருக்கான் பாரு."

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

கையிலிருந்த டம்ளர் தட்டைக் கீழே வைத்தேன். "அத்தை, பத்திரமா வெச்சிருந்தது அவரு இல்லீங்க. குப்பைன்னு சொல்லி, எல்லாத்தையும் அழிச்சுக்கச் சொன்னவரு அவருதான். அழிக்காம விட்டவ நானு. அழிக்கப்போன எடத்துல போய்ப் புடுங்கிட்டு வந்தவளும் நானு. என்னைச் சாவடிச்சவள்னு சொன்னீங்க. அத இப்ப இவங்க முன்னாடி வாபஸ் வாங்குங்க."

"இப்ப எதுக்கு அதெல்லாம், ஆளுங்க இருக்கறாங்கல்ல" என்றார் என் கணவர்.

"ஆளுங்க இருக்கறப்பதான் என்னைச் சொன்னாங்க. நீங்க ரசம் ஊத்தச் சொல்லிக் கை நீட்டிக்கிட்டு இருந்தீங்களே அன்னைக்கு, அவரு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? சொல்லுங்க."

டிவியில் மாமனார் கன்றுக்குட்டியைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் கடைசியில், "விழுந்துச்சு" என்றார். யாருக்கும் கேட்காத குரலில். எனக்குக் கேட்டது. மாமியார் எழுந்து உள்ளே போனார். வாபஸ் வாங்கவில்லை. சாப்பாட்டு நேரம் என்று யாரோ சொன்னார்கள். நானே போய் இலை போட்டேன்.

வேலைக்கான தேர்வில் தேறினேன். இப்போது உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு எங்கெங்கோ இருக்கும் சர்வர்களின் லாக்கைப் படிக்கிறேன். அதற்குக் கம்பெனியே வேறு லேப்டாப் கொடுத்திருக்கிறது. கணவர் தன் நண்பர்களிடம், "நாந்தான் வூட்டுல இருந்தே வேல பாக்கட்டும்னு விட்டேன்" என்று சொல்வதை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். மாமியார் என் அறைக் கதவைத் தட்டிவிட்டு வருகிறார், அந்த அளவுக்கு மரியாதை கூடியிருக்கிறது. அந்த வார்த்தை மட்டும் அப்படியே கிடக்கிறது.

போன மாதம் கொழுந்தனார் கூப்பிட்டார். அவர் கம்பெனியில் வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்களாம், அங்கே எல்லாம் லினக்ஸாம்.

"அண்ணி, அந்த ஃபோல்டரெல்லாம் ஒண்ணுமே புரியல. கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

"சொல்லித் தரேன் தம்பி. ஒரு நாள் வாங்க. வந்து, உங்கம்மாவ உக்காரவெச்சு, அன்னைக்கு நடந்தத உங்க வாயால சொல்லுங்க. அவங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசட்டும். அப்புறம் வேர்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

சரிங்கண்ணி என்றார். இன்னும் வரவில்லை.